தானே துண்டு விரித்துக்கொண்ட குழந்தை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரிப்போர்ட்டின் நகல் இருக்கிறது. பெயரை அடித்துவிட்டு வைத்திருக்கிறேன். ஆறு வயதுப் பெண் குழந்தையின் வயிற்று அல்ட்ராசவுண்ட். “இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான அளவில், இயல்பான இடத்தில் உள்ளன. நீர்கோப்பு இல்லை. சிறுநீர்ப்பை இயல்பு.” கீழே என் கையெழுத்து.

அந்த ரிப்போர்ட் தவறு.

அன்றைக்கு அந்தக் குழந்தை ஸ்கேன் கட்டிலில் ஏறுவதற்கு முன், தன் பையிலிருந்து ஒரு சிறிய துண்டை எடுத்து, நான்காக மடித்து, உட்காரும் இடத்தில் விரித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தாள். நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. ஜெல் தடவும்போது அவள் அம்மா சொன்னார்: “பகல், ராத்திரி எப்பவும் ஜட்டி ஈரமாவே இருக்கு டாக்டர். ஆனா ஒண்ணுக்கும் நேரத்துக்கு ஒழுங்காத்தான் போறா.” நான் தலையாட்டினேன். கிட்னி இரண்டையும் அளந்தேன், சிறுநீர்ப்பையைப் பார்த்தேன், ஜெல்லைத் துடைத்துவிட்டு, “கிட்னி நல்லா இருக்கும்மா, கவலைப்படாதீங்க” என்றேன்.

நோய் என்னவென்பது முழுக்க அந்த அம்மா சொன்ன இரண்டு வாக்கியங்களிலேயே இருந்தது. எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் குழந்தைகளுக்கான கதிரியக்க மருத்துவர். பெற்றோர் என்னை ‘ஸ்கேன் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள், அதுவே எனக்கும் பிடித்திருக்கிறது. என்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பகுதி பிறவியிலேயே சிறுநீரகத்திலோ, சிறுநீர் போகும் வழியிலோ ஏதோ ஒரு மாற்றத்தோடு பிறந்தவர்கள். கையில் ஒரு கோப்பு, அதற்குள் நாலைந்து விதமான பரிசோதனைச் சீட்டுகள். அல்ட்ராசவுண்ட், எம்சியூ, டிஎம்எஸ்ஏ, ரீனோகிராம், சிலருக்கு எம்ஆர்ஐ. “ஒண்ணு மாத்தி ஒண்ணு எடுக்கச் சொல்றாங்களே, அப்போ இவங்களுக்கே என்னன்னு தெரியலையா?” என்று ஒரு தந்தை என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்ட பதில்.

இந்தப் பரிசோதனைகள் ஒன்றுக்கு ஒன்று போட்டி அல்ல. ஒன்றைவிட ஒன்று ‘பெரிய ஸ்கேன்’ என்பதும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்வியைத்தான் நன்றாகக் கேட்கும். உறுப்பு எப்படி அமைந்திருக்கிறது? சிறுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது? தேங்கினது வடிகிறதா? கிட்னியிலிருந்து சிறுநீரைப் பைக்குக் கொண்டுபோகும் குழாய் எங்கே போய் முடிகிறது? கேள்வி மாறினால் கருவியும் மாறும். கேள்வியே இல்லாமல் எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குழந்தைக்குப் பயனில்லை.

முதல் படம் கருவிலேயே வந்துவிடுகிறது. கருவின் ஐந்தாவது வாரத்தில், கீழே இடுப்புப் பகுதியில் ஒரு சின்ன மொட்டு கிளம்பி, பக்கத்தில் இருக்கும் திசுவைத் தொடுகிறது. அந்தத் தொடுதலில்தான் சிறுநீரகம் உருவாகத் தொடங்குகிறது. அப்புறம் அது மெல்ல மேலே ஏறி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டித் தன் இடத்துக்கு வருகிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் தடம் மாறலாம். மொட்டே கிளம்பாவிட்டால் அந்தப் பக்கம் கிட்னி இருக்காது. ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவர் ஒற்றைக் கிட்னியோடு பிறக்கிறார், பலருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். ஏறும்போது இரண்டின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டால் குதிரைலாட வடிவக் கிட்னி. அது ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு. ஒரு பக்கம் இரண்டு மொட்டுகள் கிளம்பினால் அந்தக் கிட்னிக்கு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு வடிகால்கள், இரண்டு குழாய்கள். இந்த இரட்டைக் குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவில் இருக்கும் குழந்தை பத்தாவது வாரத்தை ஒட்டிச் சிறுநீர் பிரிக்கத் தொடங்குகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குடத்தில் இருக்கும் நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். அதனால் குழந்தையின் கிட்னியைப் பார்ப்பதற்கு முன்பே குடத்து நீரின் அளவு ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. நீர் போதுமான அளவு இருக்கிறது என்றால் ஒரு கிட்னியாவது வேலை செய்கிறது, சிறுநீர் வெளியே வரவும் வழி இருக்கிறது. கவலையோடு வரும் கர்ப்பிணிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கவலையோடுதான் வருகிறார்கள். “பாப்பாவோட கிட்னியில தண்ணி கோத்திருக்காம்” என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். அந்தத் தண்ணீர் மில்லிமீட்டரில் அளக்கப்படுவது. கிட்னியின் நடுவில் சிறுநீர் சேரும் இடத்தை, முன்னுக்கும் பின்னுக்கும் இடைப்பட்ட அகலமாக அளக்கிறோம். 28 வாரத்துக்கு முன் 4 மில்லிமீட்டருக்குள், அதற்குப் பிறகு 7 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேல் போனால் எவ்வளவு போயிருக்கிறது, அந்த இடத்துக்குச் சிறுநீரைக் கொண்டுவரும் உட்கிண்ணங்களும் விரிந்திருக்கின்றனவா, கிட்னியின் சதை மெலிந்திருக்கிறதா, கீழே குழாய் தெரிகிறதா, சிறுநீர்ப்பை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். 2014-ல் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து இதையெல்லாம் ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். யூடிடி, அதாவது சிறுநீர்ப் பாதை விரிவு வகைப்பாடு என்று பெயர். பிறப்பதற்கு முன் ஏ, பிறந்த பிறகு பி என்று எழுத்து போட்டு, பக்கத்தில் எண் போடுவோம். எண் கூடக் கூடக் கவனமும் கூட வேண்டும்.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அகலமாக இருப்பது வேறு, அடைபட்டிருப்பது வேறு. வாய்க்கால் ஓரிடத்தில் அகன்று கிடக்கிறது என்பதற்காகக் கீழே யாரோ அணை கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கருவில் தெரியும் லேசான விரிவுகளில் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையும் இல்லாமல், குழந்தை பிறந்த பிறகு தானாகவே சரியாகிவிடுகின்றன. அல்ட்ராசவுண்ட் அகலத்தைக் காட்டும். அடைப்பைக் காட்டாது. அடைப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு கருவி.

சரி, குழந்தை பிறந்துவிட்டது. உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். நாங்கள் பொறுக்கச் சொல்வோம். பிறந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தை மிகக் குறைவாகவே சிறுநீர் பிரிக்கும். வாய்க்காலில் தண்ணீரே வராதபோது அகலம் எப்படித் தெரியும்? உண்மையில் விரிந்திருக்கும் கிட்னிகூட அந்த நேரத்தில் சாதாரணமாகத் தெரியும். அதனால் 48 மணி நேரம் கழித்து, முடிந்தால் முதல் வாரக் கடைசியில் ஒரு ஸ்கேன். அப்புறம் நாலிலிருந்து ஆறு வாரத்தில் இன்னொன்று. முதல் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

பொறுக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு. பனிக்குட நீர் குறைவாக இருந்தது, ஒற்றைக் கிட்னி அதுவும் வீங்கியிருக்கிறது, ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் விரிந்து சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்றால் அன்றே பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பெரும்பாலும் காரணம், பையிலிருந்து சிறுநீர் வெளியே போகும் வழியான சிறுநீர்த் தாரையின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு வழியை மறிக்கும் நிலை. வால்வு என்று சொல்கிறோம். 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஸ்கேனில் பருத்த பையும் அதன் கீழே விரிந்த தாரையும் சேர்ந்து பழைய பூட்டின் சாவித்துவாரம் போலவே தெரியும். அந்த வடிவத்தைப் பார்த்தால் ரிப்போர்ட் தட்டச்சு ஆகட்டும் என்று காத்திருக்க மாட்டேன், நேராகப் போனை எடுத்துவிடுவேன். முதலில் ஒரு குழாய் போட்டுச் சிறுநீரை வடித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

பச்சிளம் குழந்தையின் கிட்னி பெரியவர்களின் கிட்னியைச் சின்னதாக்கியது அல்ல. அதன் வெளிப்பகுதி வெளுப்பாகவும், உள்ளே கூம்புகள் கறுப்பாகவும் தெரியும். பெரியவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கூம்புகள் நீர் கோத்த கிண்ணங்கள் போலவோ நீர்க்கட்டிகள் போலவோ தோன்றிவிடும். அப்படி எழுதப்பட்ட ரிப்போர்ட்டோடு, பத்து நாள் தூங்காத முகத்தோடு வந்த ஒரு தாயை எனக்கு நினைவிருக்கிறது. வித்தியாசம் எளிது. நீர் கோத்த கிண்ணங்கள் நடுவில் சிறுநீர் சேரும் இடத்தோடு இணைந்திருக்கும். கூம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வட்டமாக வரிசை கட்டி நிற்கும். இரண்டு நிமிடம் கூடுதலாகப் பார்த்தால் போதும். அந்தத் தாய்க்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

குழந்தைக்கு அல்ட்ராசவுண்ட் செய்யும்போது நான் சிறுநீர்ப்பையிலிருந்துதான் தொடங்குவேன். காரணம் சாதாரணமானது. ஜெல் பட்டு, கருவி அழுந்தியதுமே குழந்தை ஒண்ணுக்குப் போய்விடும். பை காலியானால் அதன் பின்னால் குழாய் தெரிகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். இயல்பான குழாய் அங்கே கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலே சிக்கல் கிட்னியில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். பிறகு குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து கிட்னியை அளப்பேன். பை நிறைந்திருக்கும்போது பார்த்த விரிவு, ஒண்ணுக்குப் போன பிறகு பாதியாகக் குறையலாம், அதனால் மறுபடியும் அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர், பை நிறைந்திருந்ததா காலியா, கிண்ணங்கள் எப்படி, சதை எப்படி என்று எதுவும் இல்லாமல் ‘லேசான நீர்கோப்பு’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவர் எதோடு ஒப்பிடுவார்?

அடுத்தது எம்சியூ. பெற்றோர் அதிகம் பயப்படும் பரிசோதனை, பயத்தில் நியாயமும் இருக்கிறது. சிறுநீர் கீழே இறங்க வேண்டியது. சில குழந்தைகளுக்குப் பை சுருங்கும்போது அது குழாய் வழியே மேலே, கிட்னி வரைக்கும் திரும்பி ஏறுகிறது. இதைப் பின்னோட்டம் என்கிறோம். ஓடும் திசையைப் பார்க்க வேண்டுமென்றால் ஓடும்போதே பார்க்க வேண்டும். அதனால் மெல்லிய குழாயை சிறுநீர்த் தாரை வழியே பைக்குள் விட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, குழந்தை ஒண்ணுக்குப் போகும் அந்தக் கணத்தைப் படம் பிடிக்கிறோம். எவ்வளவு நிரப்புவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயதோடு 2-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். நாலு வயதுக் குழந்தைக்கு 180. ஒரு வயதுக்குள் என்றால் கிலோ கணக்கில் எடையை 7-ஆல் பெருக்க வேண்டும்.

வலிக்குமா என்று கேட்பார்கள். குழாய் போடும்போது எரியும், குழந்தை அழும். “ஒண்ணும் தெரியாது” என்று நான் சொல்வதில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்த குழந்தையிடம் பொய் சொல்லிக் கட்டிலில் ஏற்றினால், அடுத்த முறை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும். மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிச் சில நிமிடம் காத்திருப்போம். அம்மாவோ அப்பாவோ தலைமாட்டில் நிற்க வேண்டும். ஒரு பொம்மைக்குக் குழாய் போட்டு முதலிலேயே காட்டிவிடுவோம். எல்லாவற்றையும்விட முக்கியம் அவசரப்படுத்தாமல் இருப்பது. வெளிச்சமான அறையில், அந்நியர்கள் சுற்றி நிற்க, படுத்தபடியே ஒண்ணுக்குப் போ என்றால் யாருக்குத்தான் வரும்? விளக்கைக் குறைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கால்மேல் ஊற்றி, பேசாமல் காத்திருப்போம். போகும் அந்தச் சில நொடிகள்தான் மொத்தப் பரிசோதனையும். ஆண் குழந்தை என்றால் அந்த நொடியில் சாய்த்துப் பிடித்துத் தாரையின் முழு நீளத்தையும் எடுத்துவிட வேண்டும். வால்வு இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஒரு படம்தான் பதில்.

பின்னோட்டத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிக்கிறோம். முதல் தரத்தில் குழாயோடு நின்றுவிடும். ஐந்தாம் தரத்தில் குழாய் புழுப்போல வளைந்து நெளிந்து, கிட்னிக் கிண்ணங்களெல்லாம் உப்பியிருக்கும். குறைந்த தரப் பின்னோட்டம் குழந்தை வளர வளரப் பெரும்பாலும் தானே மறைகிறது. இதனால்தான் எம்சியூ பற்றிய பார்வையும் மாறியது. ஒரு காலத்தில் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த சின்னக் குழந்தை என்றாலே எம்சியூ எழுதிவிடுவார்கள். 2011-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், இரண்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதல் தொற்றுக்கே அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம், அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொன்னது. 2014-ல் பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுத்ததில், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் கிட்னியில் விழும் தழும்பு குறையவில்லை. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே நம் வேலை அல்ல. கண்டுபிடித்தால் இந்தக் குழந்தைக்கு எதை மாற்றப்போகிறோம் என்று தெரிந்திருந்தால்தான் குழாயைக் கையில் எடுக்க வேண்டும். பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம்: “இதுல இருக்குன்னு வந்தா என்ன செய்வீங்க, இல்லன்னு வந்தா என்ன செய்வீங்க டாக்டர்?” இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால், அந்தப் பரிசோதனை ஒருவேளை இப்போது தேவையில்லை.

இப்போது எக்ஸ்ரே இல்லாமலும் பின்னோட்டம் பார்க்கலாம். மிக நுண்ணிய வாயுக் குமிழிகள் கொண்ட மருந்தைப் பைக்குள் செலுத்தி, அல்ட்ராசவுண்டிலேயே குமிழிகள் மேலே ஏறுகின்றனவா என்று பார்ப்பது. 2016 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. கதிர் கிடையாது என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், இரண்டு மூன்று முறை நிரப்பியும் பார்க்கலாம். குழாய் மட்டும் போட்டே ஆக வேண்டும், அதிலிருந்து விடுதலை இல்லை.

அமைப்பு தெரிந்துவிட்டது, திசை தெரிந்துவிட்டது. ஆனால் வேலை? எவ்வளவு அழகாகத் தெரியும் கிட்னியும் வேலை செய்யாமல் இருக்கலாம், கோணலாகத் தெரிவது நன்றாக உழைக்கலாம். இதற்குத்தான் அணு மருத்துவம். “கதிரியக்க ஊசி” என்றதும் பெற்றோர் முகம் வெளிறிவிடும். ஊசியில் போவது டெக்னீசியம். இயற்கையில் பூமியில் ஏறக்குறைய இல்லாத தனிமம். 1937-ல் பெரியே, செக்ரே என்ற இரு விஞ்ஞானிகள் கண்டெடுத்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் என்பதால் ‘செயற்கையானது’ என்ற பொருளில் அந்தப் பெயர். நாங்கள் பயன்படுத்தும் வகை ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதற்குள் சிறுநீரிலும் கணிசமாக வெளியேறியிருக்கும். டிஎம்எஸ்ஏ பரிசோதனையில் குழந்தை பெறும் கதிர் ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக மனிதர் ஒருவர் சராசரியாக ஒரு வருஷத்தில் பெறுவது 2.4. பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். கேள்வி சரியானதாக இருந்தால் தாங்கிக்கொள்ளக்கூடியது என்று சொல்வேன். இதே கேள்விகளுக்கு சிடி ஸ்கேன் எடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. விபத்து, சிக்கலான கல், கட்டி போன்றவற்றுக்கு அது இருக்கட்டும்.

டிஎம்எஸ்ஏ என்பது டெக்னீசியத்தைச் சுமந்து செல்லும் மருந்து. அது கிட்னியின் வெளிச்சதையில் உள்ள செல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் உயிருள்ள சதை ஒளிரும், தழும்பு விழுந்த இடம் கடித்து எடுத்தது போலக் காலியாக இருக்கும். தொற்று வந்த சூட்டோடு எடுத்தால் வீக்கமும் அப்படியே காட்டும், அதனால் தழும்பைத் தேடுகிறோம் என்றால் நாலிலிருந்து ஆறு மாதம் விட்டு எடுக்க வேண்டும். மொத்த வேலையில் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்றும் கணக்குச் சொல்லும். 45-க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் சமபங்குதான்.

ரீனோகிராம் வேறு. அதில் போகும் மருந்து ஒட்டாது, கிட்னி வழியே ஓடி வெளியேறும். நொடிக்கு நொடி எண்ணி ஒரு கோடு வரைகிறோம். ஏறி, உச்சி தொட்டு, இறங்க வேண்டும். இறங்கத் தயங்கினால் சிறுநீரைக் கூட்டும் ஊசி போட்டுத் தள்ளிப் பார்ப்போம். 10 நிமிடத்துக்குள் பாதி வடிந்தால் நல்லது, 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் அடைப்போ என்று சந்தேகம், நடுவில் என்றால் சொல்ல முடியாது. இங்கேதான் நிறைய ஏமாற்றம் நடக்கிறது. பெரிய அண்டாவில் ஓட்டை சரியாகவே இருந்தாலும் வடிய நேரமாகும். குழந்தை போதுமான பால் குடிக்காமல் வந்தால், பை நிறைந்திருந்தால், பிறந்த சில நாளில் கிட்னி முதிராமலே எடுத்தால், கோடு பொய் சொல்லும். நிமிர்த்திப் பிடித்து, ஒண்ணுக்குப் போகவைத்து, மறுபடி ஒரு படம் எடுத்தால் ‘அடைப்பு’ என்று நினைத்தது சரசரவென்று வடிந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசிப் படத்தை எடுக்காமல் குழந்தையை அனுப்பக் கூடாது. நல்ல அறுவை மருத்துவர் ஒற்றைக் கோட்டைப் பார்த்துக் கத்தி எடுக்க மாட்டார். அந்தப் பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, சில மாதம் விட்டுவிட்டு எடுத்த பரிசோதனைகளில் குறைந்துகொண்டே வருகிறதா, விரிவு கூடுகிறதா என்று பார்ப்பார். காத்திருந்து பார்ப்பது பெற்றோருக்குப் பெரிய வேதனை. ஆனால் இந்த நோய்களில் காலமும் ஒரு பரிசோதனைதான். இரண்டு தேதிகளுக்கு இடையில் என்ன மாறியது என்பதை எந்த ஒரு ஸ்கேனும் தனியாகச் சொல்லிவிட முடியாது.

இதற்கெல்லாம் முன்பு ஐவிபி என்று ஒன்று இருந்தது. 1929-ல் பெர்லினில் மோசஸ் ஸ்விக்கும் லிக்டன்பெர்க்கும் ரத்தநாளத்தில் செலுத்தி கிட்னியை எக்ஸ்ரேயில் காட்டும் மருந்தைப் பயனுக்குக் கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் அதுதான் அரசன். குழந்தைகளிடம் அது தடுமாறியது. வயிற்று வாயு மறைக்கும், பச்சிளம் கிட்னி மருந்தைச் செறிவாக்காது. வேலை செய்யாத பகுதி அதில் தெரியவே தெரியாது. இப்போது அதன் இடத்தில் எம்ஆர் யூரோகிராம். கதிர் இல்லை, தேங்கிய நீர் வெள்ளையாக ஒளிரும், வேலை செய்யாத குழாய்கூடத் தெரியும். ஆனால் அசையாமல் வெகுநேரம் படுக்க வேண்டும். கைக்குழந்தையைப் பால் கொடுத்துச் சுருட்டித் தூங்கவைத்துவிடலாம். இரண்டு மூன்று வயதுக்காரருக்குப் பெரும்பாலும் மயக்கம் தேவை. கிட்னி மிகவும் பலவீனமான குழந்தைக்கு, எம்ஆர் படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் மருந்து செலுத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். அதனால் முதல் பரிசோதனையாக நான் அதைக் கேட்பதில்லை. குழாய் எங்கே போய் முடிகிறது என்ற கேள்வி வந்தால் மட்டும் வேறு எதையும் தேட மாட்டேன்.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு வருஷம் தாமதமாக வந்தது.

ஒரு குழந்தை அறுவை மருத்துவர் போனில் கூப்பிட்டார். “நீங்க பார்த்த குழந்தைதான். நேரத்துக்கு ஒண்ணுக்குப் போறா, இருந்தும் சொட்டிக்கிட்டே இருக்கு. பொறந்ததிலேருந்து ஒரு நாள்கூட காய்ஞ்சு இருந்ததில்லையாம். இன்னொரு தடவை பாருங்களேன், ரெட்டைக் குழாய் இருக்கான்னு.” அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

இரட்டைக் குழாய் உள்ள கிட்னியில் ஒரு விதி உண்டு. 1877-ல் வைகெர்ட்டும் 1946-ல் மேயரும் எழுதியது. மேல்பாதியிலிருந்து வரும் குழாய், கீழ்பாதிக் குழாயைத் தாண்டி இன்னும் கீழே போய்த் திறக்கும். பெண் குழந்தைகளுக்கு அது சில சமயம் பையையே விட்டு, சிறுநீரை அடக்கும் தசைக்கும் கீழே, தாரையிலோ பிறப்புறுப்பின் வாயிலிலோ போய் முடிந்துவிடும். அந்தக் குழாயில் வருவதை அடக்க அவளிடம் பூட்டே இல்லை. பையில் சேரும் சிறுநீரை அவள் மற்றவர்களைப் போலவே அடக்கி, நேரத்துக்குப் போவாள். இது மட்டும் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் எப்போதும் தசைக்கு மேலேயே திறப்பதால் இப்படிச் சொட்டுவதில்லை.

இரண்டாம் முறை ஒரு மணி நேரம் பார்த்தேன். வலது கிட்னியின் உச்சியில், கல்லீரலுக்குப் பின்னால், திராட்சை அளவுக்கு ஒரு சதைத்துண்டு. முதல் முறையும் அது அங்கேதான் இருந்திருக்கும். கிட்னியின் நீளம் சரியாக வந்ததும் என் கண் அங்கே போவதை நிறுத்திக்கொண்டது. பிறகு சிறுநீர்ப்பையின் பின்னால் நூல் போல ஒரு நீர்க்கோடு, பையின் கழுத்தையும் தாண்டிக் கீழே இறங்கியது. எம்ஆர் எடுத்தோம். அந்தக் கோடு முழு நீளமும் வெள்ளையாக, தொடக்கமும் முடிவுமாகத் தெரிந்தது. டிஎம்எஸ்ஏவில் அந்த மேல்துண்டு கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. நாளெல்லாம் சில சொட்டுகள், அவ்வளவுதான் அதனால் முடிந்தது. அந்தச் சில சொட்டுகள் போதுமாக இருந்தன ஒரு குழந்தையை ஏழு வருஷம் நனைத்து வைக்க.

அந்த ஏழு வருஷமும் என்ன நடந்தது என்று அம்மா சொன்னார். சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறார்கள். பயம் என்றார்கள், மனசில் ஏதோ இருக்கிறது என்றார்கள். தண்ணீர் குடிக்க விடாமல் வைத்திருந்தார்கள். இரவில் படுக்கை நனைவதற்கான மாத்திரை எட்டு மாதம். “நானே அடிச்சிருக்கேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவர் அழுதபோது, என் ரிப்போர்ட்டைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். நான் சரியாகக் கேட்டிருந்தால் ஒரு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கும், அந்த ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு என்றேன். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, “இப்பவாவது தெரிஞ்சுதே” என்றார்.

வேலை செய்யாத மேல்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்கேனுக்கு வந்தாள். உயரம் கூடியிருந்தாள். கதவைத் திறந்து நேராக வந்து, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையில் பை இல்லை.

“துண்டு எங்கடா கண்ணா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

படுக்கச் சொல்லி, ஜெல்லைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, முதலில் சிறுநீர்ப்பையின் மேல் வைத்தேன்.